முல்லைப் பெரியாற்றுக் கிளர்ச்சி

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள், கேரள எல்லைக்குள் உள்ள முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை உயர்த்த வேண்டி நடத்திய கிளர்ச்சி இது. 1886-இல் ஆங்கிலேய அரசு திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை செய்துகொண்டபின், மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் 1895-இல் நிறைவேற்றிய அவ்வணையே இப்பிரதேசத்தின் ஜீவாதாரமாகும்.

1979-இல் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்து பெருநாசம் விளைந்ததும், கேரளத்தில் எழுந்த கிளர்ச்சி 152 அடி நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைக்கச் செய்தது. அணைக்குக் கீழே குடியிருந்தோரின் பயம் மெய்யானது, கோரிக்கை ஒன்றே, சமயமும் வாய்த்தது, ஆகவே அது விரைவில் பலித்தது. அணையைப் பலப்படுத்தும்வரை என்று கொண்ட தற்காலிக ஏற்பாடோ 35 ஆண்டுகள் நீடித்தது. 142 அடி வரை தேக்கலாமென உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தும், மறுமாதமே கேரளம் சட்டமியற்றி அதைத் தடுத்துவிட்டது.

2011 டிசம்பரில், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள் தாக்கப்பட்டனர் என்ற செய்தி பரவவே, கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து பல்லாயிரவர், தடையுத்தரவையும் தடியடியையும் பொருட்படுத்தாது, லோயர் கேம்ப் வழியாகக் குமுளியை நோக்கி நடந்தனர். எந்தக் கட்சியும் அழைக்காமலே திரண்ட அந்த ஜனசமுத்திரத்தின் பலம் மகத்தானது. 15-ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டமன்றம் விசேஷமாகக் கூடி, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும், மலையாளிகளின் கடைகளைச் சிலர் தாக்கியது கோரிக்கையின் நியாயத்துக்கே களங்கமாயிற்று. பாதைகள் அடைபட்டதன் நஷ்டமோ இருபுறத்து ஏழைகளையும் சேர்ந்தது: ராயப்பன்பட்டி முதலிய ஊர்களின் பன்னீர்த் திராட்சைக்குக் கேரளமே பெரிய சந்தை, தோட்டக் கூலியும் அங்கிருந்தே வரவேண்டும்.

கூட்டத்தின் கோஷத்தால் மட்டும் நீர்மட்டம் ஓர் அங்குலமும் உயரவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு அணையைப் பரிசோதித்து அது உறுதியானதே என்று கண்டறிந்த பின்னரே, 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டத்தைச் செல்லாதெனத் தள்ளியது. ஆயினும் தமிழ்நாட்டு அரசு அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் தளர்ந்துவிடாதபடி காத்ததில் அம்மக்களுக்குப் பெரும்பங்குண்டு. தெருவில் எழுந்த குரலுக்கு ஆதாரமும் துணைநின்றதாலேயே அது பயன் தந்தது.

2014 நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது. 152 அடிக் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.