கொழும்பின் டிராம் வண்டிகள்

கோட்டையிலிருந்து பொறளைக்குச் செல்ல வேண்டிய ஒருவர் 1890ஆம் ஆண்டளவில் எவ்வாறு சென்றிருப்பார்? செல்வந்தராயின் அவருக்குச் சொந்தக் குதிரை வண்டி உண்டு. உத்தியோகத்தராயின் இறிக்‌ஷாவை அமர்த்திக்கொள்வார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவராயின் நடந்துதான் போவார். அந்த இறிக்‌ஷாவை இழுத்தவருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமன்று. நகரத்தின் கனவான்களைத் தம் கால்வலுவாற் சுமந்த அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை.

இந்த நெருக்கடிக்குக் காரணம் துறைமுகமே. நீராவிக் கப்பல்கள் முன்னர் காலியையே நாடின. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பணை 1885இல் நிறைவெய்தியதும் அவை கொழும்பை நோக்கித் திரும்பின. கப்பலோடு வணிகமும், வணிகத்தோடு சனத்திரளும் பெருகின. கண்டி வரை 1867இலேயே புகைவண்டி ஓடிற்று; ஆயினும் நகரத்துள்ளே தெருவுக்குத் தெரு செல்வதற்கு அது உதவவில்லை.

1899இல் ஒரு தனியார் கம்பனி மின்சார டிராம் வண்டிகளை ஓட்டத் தொடங்கிற்று. ஒரு பாதை கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொறளைக்கும், மற்றொன்று கிராண்ட்பாசுக்கும் சென்றன. சில சதங்களுக்கு நகரைக் கடக்கலாம் என்னும் வசதி எளியவருக்கும் கிட்டியது.

ஆனால் அந்த வண்டியை ஓட்டியவரின் நிலை என்ன? 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. பெப்ரவரியில் மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே கலகம் மூண்டது, பொலிசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. சில சதப் பயணத்துக்குக் கொடுக்கப்பட்ட உண்மை விலை அதுவே. முதலாளிமார் அவ்வாண்டிலேயே தமக்கெனச் சம்மேளனம் ஒன்றை அமைத்தனர். அது தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிலாளரைச் சமமாக இருத்திப் பேச அவர்கள் இசைந்தது சிறிய காரியமன்று. எனினும், 1920களில் இனபேதம் பாராது தொழிலாளரைத் திரட்டிய அதே தலைவர், வேலையின்மை மிகுந்த 1930களில் மலையாளத் தொழிலாளரை வெளியேற்ற வேண்டுமென இயக்கம் நடத்தினார். இதை மறைத்து அவருடைய வரலாற்றை எழுதுவது முறையாகாது.

பின்னர் நடந்தவை விரைந்து நடந்தன. 1944இல் மாநகர சபை டிராம் சேவையைப் பொறுப்பேற்றது. தண்டவாளமின்றி மேற்கம்பி மின்சாரத்தால் ஓடும் திறொலி பஸ் 1953இல் வந்தது. 1960இல் டிராம் வண்டி ஓய்ந்தது. 1964இல் திறொலி பஸ்ஸும் ஓய்ந்தது. இதற்கிடையே, 1958 சனவரி முதலாந் தேதி பஸ் கம்பனிகள் யாவும் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையாயின. 1970களின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. புறக்கோட்டையில் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவி ஆளழைக்கத் தொடங்கினர்.