குதியுயர்ந்த சப்பாத்தும் கல்யாண வரவேற்பும்

முகூர்த்த வேளையில் இந்துத் தமிழ் மணமகளுக்குக் காலணி இல்லை. அம்மி மிதிக்கும்போதும் அக்கினியை வலம் வரும்போதும் அவளுடைய பாதங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. வரவேற்பு வைபவத்திலோ நிலைமை வேறு. மூன்று, நான்கு அங்குலக் குதியின்மீது ஏறி, உறவினர் ஒவ்வொருவருடனும் மணிக்கணக்காக நின்று அவள் படம் எடுத்துக்கொள்கிறாள். வைபவம் முடிந்ததும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலுடன் வாகனத்துக்குச் செல்லும் பெண்களைக் கொழும்பிலும் காணலாம், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் காணலாம். இந்தக் குதி எங்கிருந்து வந்தது?

பலரும் கூறும் கதை ஒன்றுண்டு. 1533ஆம் ஆண்டு மார்செய் நகரில் பிரெஞ்சு இளவரசரை மணந்த இத்தாலியப் பெண் கத்தரீன் டி மெடிச்சி, தமது குள்ளமான உருவத்தை மறைக்கக் குதியுயர்ந்த காலணி அணிந்தார் என்பதே அக்கதை. கேட்பதற்குச் சுவையானது, நம்புவதற்குக் கடினமானது. அத்தகைய குதிகள் மேற்கு ஐரோப்பாவில் பரவலாகத் தென்படத் தொடங்கியது அந்த நூற்றாண்டின் இறுதியிலேதான்.

உண்மையில் குதி ஆண்களின் உடைமையாக இருந்தது. குதிரைமீது எழுந்து நின்று அம்பெய்த பாரசீக வீரர்களின் பாதம் அங்கவடியிலிருந்து வழுக்கிவிடாமல் காத்தது அதுவே. 1599இல் ஷா அப்பாஸ் மன்னர் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழுவை அனுப்பினார். பாரசீகப் பாணிமீது அங்கு ஆர்வம் பெருகிய அக்காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்களின் காலிலும் குதி ஏறியது. 1701இல் தீட்டப்பட்ட பதினான்காம் லூயி மன்னரின் புகழ்பெற்ற ஓவியத்தில் அவருடைய சிவப்புக் குதிகளை இன்றும் காணலாம். சேற்றில் நடக்கத் தேவையில்லாதவன் என்பதற்கு அது அடையாளம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்கள் அதனைக் கைவிட்டனர். பெண்களிடம் அது தங்கிவிட்டது.

இதற்கு முன்னரே வெனிஸ் நகரச் சீமாட்டிகள் 'சொப்பீன்' எனப்படும், மரத்தாலோ தக்கையாலோ ஆன உயர்ந்த மேடைக் காலணிகளை அணிந்து, பணிப்பெண்களின் தோளைப் பற்றியபடி நடந்தனர். 1608இல் அங்கு சென்ற ஆங்கிலேயப் பயணி தோமஸ் கொறியற், அவற்றுள் சில அரை யார், அதாவது பதினெட்டு அங்குலம், உயரமானவை என்று எழுதினார். துணையின்றிச் சென்ற ஒரு பெண் பாலத்துப் படியில் மோசமாக விழுந்ததைக் கண்டும் தமக்கு இரக்கம் தோன்றவில்லை என்கிறார். பிற்காலத்தில் பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியாவரை வந்து, 1617இல் சூரத்தில் இறந்தவர் அவர். நடையின் அருமை அறிந்தவரின் கோபம் அது போலும்.

ஏளனம் செய்யாமல் வழி சொன்னவரும் இருந்தார். இத்தாலிய நடன ஆசான் பப்ரிற்சியோ கறோசோ 1600இல் வெளியிட்ட நூலில், அடியெடுத்து வைக்கும்போது முன்பாதத்தை முதலில் உயர்த்தினால் முழங்கால் நிமிரும், உடல் நேராகும், காலணியும் கழன்று விழாது என்று கற்பித்தார்.

1950களில் குதிக்குள் உலோகத் தண்டு புகுந்தது. அதனால் குதி ஊசிபோல் மெலிந்தது. குதியில் விழும் பாரத்தைச் சிறு புள்ளிகள் தாங்கின. குதி உயர உயர உடலின் பாரம் முன்பாதத்துக்குத் தள்ளப்படுகிறது. நெடுங்காலம் அணிவோரின் கெண்டைக்கால் தசைநார்கள் சராசரியாக 13 சதவீதம் குறுகியிருந்ததை மான்செஸ்டர் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இது அழகைப் பற்றிய விவகாரம் மட்டுமன்று. 2015இல் இலண்டனில், குதியுயர்ந்த காலணி அணிய மறுத்த வரவேற்பாளர் ஒருவர் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனுவில் 150,000க்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர், 2017இல் பாராளுமன்றம் விவாதித்தது, சட்டம் மாறவில்லை. அதே ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் பிலிப்பைன்சும் இத்தகைய கட்டாயத்தைத் தடைசெய்தன.

விரும்பி அணிபவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. அவருக்கு வேண்டியது சில முன்னேற்பாடுகள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் சப்பாத்து வாங்குவது நன்று. ஊசிக் குதியைவிட அகன்ற குதி பாரத்தைப் பகிரும். வைபவத்துக்குப் பல நாள் முன்பே வீட்டில் அணிந்து பழகவேண்டும். தட்டையான இன்னொரு சோடியும் கைவசம் இருக்கட்டும்.

ஆனால் மணமகள் மட்டும் செய்து முடிக்கக்கூடிய காரியமன்று இது. முந்நூறு விருந்தினருடனும் தனித்தனியே நின்று படம் எடுக்கவேண்டும் என்று விதித்தவர்கள் நாமே. மணமக்களை இருத்திவைத்துப் படம் எடுப்பதற்கு இரண்டு கதிரைகள் போதும். அவை பெரும்பாலும் மேடையிலேயே, அலங்கரிக்கப்பட்டு, வெறுமையாகக் கிடக்கின்றன.