முதல் கேள்வி தலைவலி பற்றியது

ஓசூர்ப் பக்கம் மனநோய் என்றாலே எல்லைக்கு அப்பால் கை நீளும். சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது. அந்தப் பெயர் இங்கே மருத்துவமனையின் பெயர் மட்டுமல்ல, வசவும்கூட. ஒரு பெண் படும் பாட்டுக்கும் அந்த வசவுக்கும் நடுவே ஒரு காகிதம் வருகிறது. அறிகுறிகளை வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போடும் வினாப்பட்டியல் அது. அதன் வரலாற்றைப் பெண்கள் பக்கமிருந்து வாசிக்க விரும்புகிறேன்.

பட்டியல் வருவதற்கு முன் எல்லாம் மருத்துவரின் பார்வையைப் பொறுத்திருந்தது. ஒருவர் 'ஹிஸ்டீரியா' என்பார், இன்னொருவர் 'நரம்புத் தளர்ச்சி' என்று டானிக் எழுதுவார். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்பது இந்தத் தான்தோன்றித்தனத்துக்குக் கடிவாளம் போட்டது. நிம்ஹான்ஸ் உருவான அதே 1974இல் ஆர். எல். கபூர், மாளவிகா கபூர், ஜி. எம். கார்ஸ்டேர்ஸ் ஆகியோர் இந்தியச் சூழலுக்கென ஒரு மனநல நேர்காணல் அட்டவணையை வெளியிட்டார்கள்.

அடுத்து வந்தது உலக சுகாதார நிறுவனத்தின் 20 கேள்விப் பட்டியல். கொலம்பியா, இந்தியா, பிலிப்பைன்ஸ், சூடான் நாடுகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதைப் பயன்படுத்திய ஆய்வு 1980இல் வெளியானது. ஆம், இல்லை என்றால் போதும். முதல் கேள்வி தலைவலி பற்றியது. பிறகு பசி, தூக்கம், கை நடுக்கம், செரிமானம். சாக வேண்டும் என்ற எண்ணம் 17ஆவதாகத்தான் வருகிறது. 'மனசு சரியில்லை' என்று சொல்ல வீட்டில் இடமில்லாத பெண், தலைவலி என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். மாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்ட அந்தத் தலைவலியை இந்தப் பட்டியல் வாசற்படியாக்கியது.

1987இல் எடின்பரோவில் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் பிள்ளை பெற்றவர்களுக்காக 10 கேள்விகள் எழுதியபோது நேரெதிர் முடிவெடுத்தார்கள். பச்சிளம் குழந்தையோடு இருப்பவளுக்கு உடம்பு அசதி இயல்பு. ஆகவே உடல் அறிகுறிகளை விட்டுவிட்டு மனநிலையை மட்டும் கேட்டார்கள். அதன் தமிழ் வடிவத்தைச் சோதித்த வேலூர் ஆய்வு 2005இல் வந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2002இல், வேலூர் அருகே கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியாகியிருந்தது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதத்தினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதற்கு வழிவகுத்தவை: குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைக்கு உதவி இல்லாமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது. கிருஷ்ணகிரியில் இருந்து இதை வாசிக்கும்போது எனக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. தொட்டிலில் விடப்பட்ட பெண் குழந்தைகளை அரசு எண்ணியது. அவர்களைப் பெற்றவர்களின் மனதை யார் எண்ணினார்கள்? அறிகுறிப் பட்டியல் அழுகையை அளக்கும். 'மறுபடியும் பெண்ணா' என்ற வார்த்தைக்கு அதில் கட்டம் கிடையாது. வேலூர் ஆய்வாளர்கள் அதைத் தனியாகக் கேட்டதால்தான் காரணம் வெளியே வந்தது.

இன்று இந்தப் பகுதியில் பெண்கள் கூட்டமாக இருக்கும் இன்னொரு இடம் தொழிற்சாலை. போச்சம்பள்ளி ஓலா ஆலையில் 10,000 பெண்களை வேலைக்கு எடுப்பதாக 2021இல் அறிவித்தார்கள். ஓசூர் டாடா எலக்ட்ரானிக்ஸில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களும் வேலை செய்கிறார்கள். இப்போது உலகெங்கும் புழங்கும் பி.எச்.க்யூ-9, மருந்து நிறுவனமான ஃபைசரின் நிதியுதவியோடு உருவானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். பத்தைத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். தூக்கம், அசதி, பசி மூன்றும் அதில் உண்டு. நைட் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து விடுதிச் சாப்பாடு சாப்பிடும் பெண்ணுக்கு இம்மூன்றிலேயே 9 வரை வரலாம். நோய் அவளிடமா, ஷிப்ட் அட்டவணையிலா? மதிப்பெண் இதற்குப் பதில் சொல்லாது. அது சல்லடை மட்டுமே. நோயைக் கணிக்க ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று அவளவள் மொழியில்.

பதில் சொல்வதற்குப் பெண் கொடுக்கும் விலையும் உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மனநோயை மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மனநோய் இருப்பதாகக் கணிப்பதே 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று பொருளாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கவும் கட்டளையிடுகிறது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில்தான் ஒரு மருமகள் 'ஆம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மனதைக் கேட்கும் தாளும் அந்தப் பையில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் மாமியார் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். பதில் புருஷன் கைக்கோ கம்பெனி எச்.ஆர். மேசைக்கோ போகக் கூடாது. பத்தைத் தாண்டியவளை எல்லை கடந்து அனுப்பாமல், பேருந்தில் போய் மாலைக்குள் வீடு திரும்பும் தூரத்தில் அவளுக்காக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒருவரை வைக்காமல் கேள்வி மட்டும் கேட்டால், அவளிடமிருந்து இன்னொரு பதிலை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஆவோம்.