தோட்டக் குத்தகையும் மத்தள ஓடுபாதையும்

பதுளைக்கு மிக அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் மத்தள. 2013 மார்ச் 18இல் திறக்கப்பட்ட இதன் செலவு 20.9 கோடி டொலர். அதில் 19 கோடி சீன எக்சிம் வங்கிக் கடன். 3,500 மீற்றர் ஓடுபாதை இருந்தும் போதிய விமானங்கள் வரவில்லை. 2024 ஏப்ரலில் அதன் முகாமையை இந்திய, ரஷ்யக் கம்பனிகளிடம் 30 ஆண்டுகளுக்கு ஒப்படைக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. யாருக்குக் கொடுப்பது என்பதற்கு முன்பாகவே பேசித் தீர்க்க வேண்டியது குத்தகையின் கடைசி ஆண்டுகள் பற்றியது என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்றை, பதுளை அமைந்துள்ள ஊவா மாகாணத்தின் தேயிலைச் சரிவுகளிலேயே காணலாம்.

1975இல் அரசுடைமையான கம்பனித் தோட்டங்கள் 1992இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறின. தொடக்கத்தில் தனியாருக்குக் கிடைத்தது ஐந்தாண்டு முகாமை ஒப்பந்தம் மட்டுமே. அத்தனை குறுகிய காலத்தை நம்பி எவர் கன்று நடுவார்? பின்னர் பங்குகள் விற்கப்பட்டு, குத்தகை 2045 வரையான 53 ஆண்டுகள் என்றானது. தோட்டமொன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபாயாக இருந்த பெயரளவு வாடகை, 1996 ஜூனிலிருந்து பன்மடங்காகி, விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் ஏறுவதாயிற்று. திறைசேரியிடம் உள்ள தங்கப் பங்கு கணக்கேடுகளைப் பார்க்கலாம், உபகுத்தகையைத் தடுக்கலாம். மீள்நடுகை செய்யவைக்க அதனால் முடியாது. பழைய செடியைப் பிடுங்கி, ஏறத்தாழ ஈராண்டு புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, கன்று நட்டுக் கொழுந்தெடுக்க மேலும் சில ஆண்டுகள் ஆகும். போட்ட பணம் திரும்பப் பல பத்தாண்டுகள் வேண்டும். எனவே 2045 நெருங்க நெருங்க, இருக்கும் செடியில் இயன்றதைப் பறிப்பதே குத்தகைதாரருக்குக் கட்டுபடியாகிறது. தொழிலாளர் வாழும் லயத்துக் கூரைக்கும் இதே கணக்குத்தான். தேயிலையின் தளர்வுக்கு வானிலையும் சந்தை விலையும் காரணம் என்பர்; உண்மைதான். ஆனால் அவை சீரானாலும் இந்தக் கணக்கு மாறாது.

மத்தளவுக்கும் இது பொருந்தும். அங்கே விமானப் பராமரிப்புக் கொட்டகை, எரிபொருள் தாங்கி, பயிற்சிப் பள்ளி ஆகியவற்றை அமைப்பவரும் பெயர்த்துச் செல்ல முடியாததையே மண்ணில் ஊன்றுகிறார். அவர் பெரும்பாலும் உபகுத்தகைதாரர். மூலக் குத்தகை முறிந்தால் அவர் உரிமையும் ஆட்டம் காணும். எஞ்சிய ஆண்டுகளைப் பார்த்தே வங்கியும் கடன் கொடுக்கும். ஆகவே அவர் அரசிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை இரண்டு: மூலக் குத்தகை ரத்தானாலும் தம் இடம் நிலைக்கும் என்ற உறுதி, முடிவில் அனுமதி பெற்றுக் கட்டியவற்றுக்குத் தேய்மானம் போக எஞ்சும் மதிப்பு. இது பொதுச் சொத்தைத் தாரை வார்ப்பதாகாதா? அத்தொகையை அடுத்து வரும் குத்தகைதாரரிடமிருந்தே பெறலாம். சிதைந்த கொட்டகையை இலவசமாகப் பெறுவதைவிட அது அரசுக்கு மலிவு. வாடகையையும் விலைவாசியோடு மட்டும் கட்டிவிடாமல், குறைந்த அடித்தொகையும் வருமானத்தில் பங்குமாக வைத்தால் வெறிச்சோடிய ஆண்டுகளைத் தாங்கலாம். பயணிகளே வராத இடத்தில் சட்டவாசகம் என்ன செய்யும் என்பது வலுவான மறுப்பு. ஆயினும் பராமரிப்பும் பயிற்சியும் உள்ளூர்ப் பயணிகளை நம்பியவை அல்ல. அவற்றை நடத்துவோருக்கு முப்பதாண்டின் இருபதாம் ஆண்டில் புதிய கொட்டகை கட்டத் துணிவு தருவது அந்த வாசகமே.