நடிப்பும் ஒளிவும்: ரொபேர் துவானோவின் தெருப்படங்களில் மனிதநேயம்

பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ரொபேர் துவானோ (1912–1994) என்றதும் பாரிஸ் நகரமன்றத்தின் முன் முத்தமிடும் இணைதான் நினைவுக்கு வருகிறது. 1950இல் ‘லைஃப்’ இதழுக்காக எடுத்த அந்தப் படம், 1986இல் சுவரொட்டியாக வந்த பின்பே உலகப் புகழ் பெற்றது. அதிலிருப்பது தாங்களே என்று வேறொரு தம்பதி வழக்குத் தொடுக்க, நடிப்புப் பயின்ற இருவரை முத்தமிடச் சொல்லி எடுத்த படம் அது என்பது 1990களின் தொடக்கத்தில் அம்பலமானது. அதன்பின் துவானோவின் மனிதநேயமும் ஐயத்துக்குள்ளானது. ஆனால் தற்செயலாகச் சிக்கியதா, சொல்லி எடுத்ததா என்ற கேள்வியைக் கொண்டு மனிதநேயத்தை அளக்க முடியாது. படத்திலிருப்பவரோடு எடுப்பவர் கொண்ட உறவே அதற்கு அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கல்லச்சுத் தொழில் பயின்ற துவானோவுக்கு மனிதர்களை நெருங்கவே கூச்சம். முதலில் தெருவில் பாவிய கற்களைப் படமெடுத்தார், பிறகு சிறுவர்களை. பெரியவர்கள் வெகு தாமதமாகவே அவர் படங்களுக்குள் வந்தார்கள். அவருடைய ரோலைஃபிளெக்ஸ் கேமராவும் மார்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் வகை. எதிரில் நிற்பவரை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. 1934இல் ரெனோ கார் ஆலையில் ஒளிப்படக்காரராகச் சேர்ந்து, தாமதமாக வருகிறார் என்று 1939இல் நீக்கப்பட்டார். ழாந்தியி என்ற புறநகரில் பிறந்தவர் அவர். பிளேஸ் சாந்த்ராரின் எழுத்தோடு 1949இல் வெளியான ‘பாரிஸின் புறநகர்’ நூலில் அந்த மண்ணைத்தான் காட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவரின் பார்வை அல்ல அது.

நடிக்க வைத்ததே பொய் என்போர் 1948ஆம் ஆண்டுப் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும். சேன் தெருப் பழம்பொருள் கடை ஒன்றின் சன்னலில் நிர்வாண ஓவியம். கடைக்குள்ளே மறைவாகக் கேமரா. வெளியே ஒரு பெண் வேறொரு படத்தைப் பார்த்தபடி கணவரிடம் ஏதோ சொல்கிறார். கணவரின் கண்ணோ ஓரமாக நழுவி நிர்வாணத்தின்மேல் நிற்கிறது. துளியும் நடிப்பில்லாத படம். ஆனால் அந்த மனிதரிடம் யாரும் கேட்கவில்லை, அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். முத்தப் படத்திலோ இருவரும் தெரிந்தே நின்றார்கள். நடிப்பின்மைதான் அளவுகோல் என்றால், சம்மதமில்லாத படம் மேலானதாகிவிடும். தற்செயல் காட்சி போல அந்த முத்தத்தை வாசகர்முன் வைத்தது பிழைதான். அந்தப் பிழை இதழின் வழங்கலில் இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த்தினுடையது. துவானோவின் படமும் இடம்பெற்ற ‘மனிதக் குடும்பம்’ (1955) கண்காட்சி, பிறப்பு, உழைப்பு, இறப்பு எல்லாம் எல்லோருக்கும் பொது என்று காட்டி வரலாற்றை மறைக்கிறது என்றார் அவர். முத்தப் படத்துக்கு இது பொருந்தும்; எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் அதை ஒட்டிவைக்கலாம். புறநகர்ப் படங்கள் அப்படிப்பட்டவை அல்ல. 1944இல் எடுத்த ஒன்றில், சிதைந்து கிடக்கும் கார்க் கூட்டின்மேல் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். போர்க்காலத்தையும் வறுமையையும் அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. துவானோவை எடைபோட விரும்புவோர் சுவரொட்டியை ஒதுக்கிவிட்டு 1949ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்க வேண்டும்.