காகிதம் சுற்றிய புட்டி

1951 மே மாதம், ஒரு ராத்திரி. பம்பாய் கொலாபாவில் ஒரு ஜீப், தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் மீது மோதியது. ஓட்டி வந்தவர் பெஹ்ராம் பெசிகாகா என்ற வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. ஆஸ்பத்திரியில் அவரைப் பரிசோதித்த டாக்டர், மூச்சில் மதுவாடை இருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது, நேர்கோட்டில் நடக்கிறார் என்று எழுதி வைத்தார். மாநிலத்தில் முழு மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. வண்டி ஓட்டியதை விடுங்கள், குடித்ததே குற்றம். பெசிகாகாவோ, தான் சாப்பிட்டது பி.ஜி. ஃபாஸ் என்ற டானிக் என்றார். அதில் 17 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. புட்டியின் லேபிளிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

மாஜிஸ்ட்ரேட் அவரை விட்டுவிட்டார். உயர் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. 1954இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. மூச்சில் வாடை வந்தால் மட்டும் போதாது, அது சட்டம் தடுத்த மதுவின் வாடைதான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. வாயிலிருந்து வரும் வாடையை வைத்து உள்ளே போனது விஸ்கியா, டானிக்கா என்று யாரால் சொல்ல முடியும்?

இதே கேள்வியைத்தான் இன்று செம்பூர், மாட்டுங்கா அடுக்ககங்களில் சனிக்கிழமை ராத்திரிகளில் விளையாட்டாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஒயின் புட்டி கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிடுவார்கள். புட்டியின் தோள் வடிவம் காட்டிக்கொடுக்கும் என்பதால் கழுத்து வரை சுற்ற வேண்டும். தக்கையா திருகு மூடியா என்பது தெரியாதபடி வேறு யாராவது திறந்து வைக்க வேண்டும். வாயில் ஊற்றிக் கொஞ்சம் உருட்டி, தாளில் எழுதி, கடைசியில் காகிதத்தைக் கிழித்தால் பெரும்பாலும் சிரிப்புத்தான். நாலாயிரம் ரூபாய் பிரெஞ்சுச் சரக்கு என்று ஒருவர் அடித்துச் சொன்னது நாசிக்கில் இருந்து வந்ததாக இருக்கும்.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் பிரெஞ்சு நடுவர்கள் முன்னால் பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் பெயர் மறைத்து வைத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியாவே முதலிடம் பிடித்தது. 2001இல் போர்தோவில் ஃபிரெடெரிக் ப்ரோஷே செய்த சோதனை இன்னும் பொல்லாதது. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். நாக்கு கண்ணின் வேலைக்காரன்.

ஆனால் பம்பாய்க்கு இது புது விளையாட்டு இல்லை. லேபிள் இல்லாமல் குடிப்பதில் இந்த ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. அதை ஏற்படுத்திக் கொடுத்தது சட்டம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர்க் குடி என்றால் பண்டாரிச் சமூகத்தார் இறக்கிய கள்ளும், இலுப்பைப் பூவில் காய்ச்சிய சாராயமும்தான். 1878இல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, இறக்கினவனுக்கு லைசென்ஸ், காய்ச்சுவது அரசு கைகாட்டும் சாராயாலையில் மட்டும். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் உரானில் பார்சிகளின் பெரிய சாராயாலைகள் ஓடின. 1892இல் இலுப்பைப் பூவைச் சேர்த்து வைப்பதற்கே கட்டுப்பாடு போட்டார்கள். வருமானத்துக்காக வெள்ளைக்காரன் வளர்த்த வியாபாரத்தை ஒழுக்கத்துக்காகக் காங்கிரஸ் மூடப் பார்த்தது. அதில் முந்திக்கொண்டவர் ராஜாஜி: 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பம்பாய் நகரத்துக்கு அது 1939 ஆகஸ்ட் 1 அன்று வந்தது. பி.ஜி. கேர் அமைச்சரவையில் ஆப்காரித் துறையை வைத்திருந்த டாக்டர் கில்டர் ஒரு பார்சி. குடி வியாபாரத்தில் அதிகம் முதல் போட்டிருந்ததும் பார்சிகள்தான். இழக்கும் வருமானத்தை ஈடுகட்ட வீடு, கட்டடங்கள் மீது 10 சதவீத வரி வேறு. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைச்சரவையே பதவி விலகிவிட்டது.

விடுதலைக்குப் பிறகு பம்பாய் அமைச்சர் மொரார்ஜி தேசாய் விடவில்லை. 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் ஜூன் 16 அன்று அமலுக்கு வந்தது. 1950 ஏப்ரலில் முழு மதுவிலக்கு. எஃப்.என். பால்சரா என்ற பார்சி கோர்ட்டுக்குப் போனார். அவர் கேட்ட பட்டியல் படிக்கச் சுவையானது: விஸ்கி, பிராந்தி, ரம், ஒயின், பீர், மருந்து ஒயின், ஓடிகொலோன். இவற்றை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் தனக்கு உரிமை உண்டு என்றார். 1951 மே மாதம் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியைச் சரி என்றது. மருந்தையும் வாசனைத் திரவியத்தையும் மட்டும் விடுவித்தது. பெசிகாகா தப்பியது இந்தச் சந்து வழியாகத்தான்.

வசதி உள்ளவர்களுக்கு இன்னொரு சந்தும் இருந்தது. மது இல்லாவிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று மருத்துவச் சான்று வாங்கினால் பர்மிட். வெளிநாட்டவருக்குப் பர்மிட். ராணுவ மெஸ்ஸுக்கு விலக்கு. ஆக, லேபிள் ஒட்டிய புட்டி படித்தவன் வீட்டு அலமாரிக்குப் போனது. லேபிள் இல்லாதது மாஹிம் கழிமுகத்துச் சதுப்புக்கு வந்தது.

அந்தச் சதுப்பை ஒட்டி, மீனவர்களின் கோலிவாடா, குஜராத்திக் குயவர்களின் கும்பார்வாடா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் சந்துகள் எல்லாம் சேர்ந்தது தாராவி. 1887இலேயே பெரிய மசூதியும் 1913இல் பிள்ளையார் கோயிலும் எழுந்துவிட்ட பழைய குடியிருப்பு. தோல் ஷாப்பின் நாற்றத்துக்கு நடுவே சாராய நாற்றத்தைப் பிரித்து மோப்பம் பிடிக்க எந்தப் போலீஸ்காரனுக்கும் மூக்கு போதாது. போதாக்குறைக்குச் சதுப்பும் சேற்றுக்காடும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் டிரம்மைச் சேற்றில் புதைத்துவிட்டு வந்த வழியே போய்விடலாம்.

தயாரிப்பு முறை தமிழ்நாட்டுக் கிராமத்தில் பார்த்ததுதான். கறுப்பு வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறல். பொங்கி அடங்கியதும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறக்குவது. முதலில் சொட்டுவதைக் கொஞ்சம் எடுத்து நெருப்பு வைப்பார்கள். நீலமாகப் பற்றினால் சரக்கு வீரியம். லாரி டயரின் உள் ட்யூபில் அடைத்து ஊருக்குள் அனுப்பினார்கள். பாந்த்ரா பக்கம் கோவா கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் வீட்டு முன்னறையில் ஊற்றிக் கொடுத்தார்கள். ‘ஆன்ட்டி’ கடை என்றுதான் பெயர். தொட்டுக்கொள்ள அவித்த முட்டை, சுண்டல். குடிப்பவன் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: இன்றைக்கு எங்கிருந்து வந்தது? கடைக்காரி சொல்வதைத் தவிர வேறு சான்று கிடையாது.

இந்தத் தொழிலில் தலையெடுத்தவர்களில் தமிழர் அறிந்த பெயர் வரதராஜன் முதலியார். தூத்துக்குடியில் பிறந்து, விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, சாராயத்தில் காசு பார்த்து, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பிரம்மாண்டமான பிள்ளையார் பந்தல் போட்டவர். 1980களில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி நெருக்கியதில் சென்னைக்குத் திரும்பினார். 1988 ஜனவரியில் இறந்தார். அவர் கதையை ஒட்டிய ‘நாயகன்’ படம் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. படத்தில் துறைமுகக் கடத்தல்தான் கண்ணை நிறைக்கும். நிஜத்தில் அடித்தளம் போட்டது ஊறல் பானை. மதுவிலக்கு இல்லாவிட்டால் இப்படி ஒருவர் உருவாகியிருக்க மாட்டார் என்று சொல்வதில் பெரிய தவறில்லை.

செம்பூர் நண்பர்கள் சறுக்கினால் கேலியோடு போகும். தாராவியிலோ மாலாடிலோ சறுக்கினால் உயிர் போகும். மெத்தனால் மணத்திலும் ருசியிலும் சாதாரணச் சாராயம் போலவேதான் இருக்கும். தீ வைத்தால் அதுவும் எரியும். பயிற்சி பெற்ற நாக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. மறுநாள் பார்வை மங்கும்போதுதான் தெரியும். 2015 ஜூனில் மாலாடின் மால்வணியில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மதுவிலக்கு தளர்ந்து பல பத்தாண்டு ஆன பிறகும் இது நடந்தது. ஏனென்றால் லேபிளுக்கு ஒரு விலை இருக்கிறது, கூலிக்காரன் அந்த விலைக்குக் கீழே குடிக்கிறான்.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இருந்த மாட்டுங்கா தமிழர்களுக்கு வேறு போதை. சொல்லப்போனால் அங்கேயும் சட்டம் போட்ட ஒரு கண்கட்டு இருந்தது. நாட்டின் முதல் இந்தியா காபி ஹவுஸ் 1936இல் சர்ச்கேட்டில் திறந்தது. போர்க்காலத்தில் வந்த காபி போர்டு, விளைந்த கொட்டையை எல்லாம் ஒரே குவியலாக வாங்கி, தரம் பிரித்து ஏலம் விட்டது. எந்த எஸ்டேட் கொட்டை என்று கடைக்காரருக்கும் தெரியாது, டிகாக்ஷன் இறக்கும் மாமிக்கும் தெரியாது. பீபரியா, பிளாண்டேஷன் ஏ-யா, சிக்கரி எத்தனை சதவீதம் என்பதுதான் பேச்சு. தோட்டத்தின் பெயர் பாக்கெட்டில் வந்தது 1990களில் அந்த ஏற்பாடு கலைந்த பிறகு. சிக்கரி அளவை ஒரு வாய் காபியில் சொல்லிவிடும் பெரியவர்கள் மாட்டுங்காவில் இன்றும் உண்டு. ஒயின் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் சோடை போக மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

மதுவிலக்கின் பிடி 1960களில் தளர ஆரம்பித்தது. 1970களில் பர்மிட் ரூம்கள் பெருகின. பர்மிட் மட்டும் ஒழியவில்லை. ஒருநாள் பர்மிட் 5 ரூபாய், ஆயுள் பர்மிட் 1,000 ரூபாய் என்று நெடுங்காலம் ஓடியது. விண்ணப்பத்தில், என் உடல்நலத்தைப் பேணிக் காக்க மது தேவைப்படுகிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். 1949இன் டாக்டர் சீட்டு இப்படி ஒரு வாக்கியமாகச் சுருங்கி உயிரோடு இருக்கிறது. பீர், ஒயினுக்கு 21 வயது, விஸ்கிக்கு 25 என்ற கணக்கும் உண்டு. கடைக்காரர் புட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத்தான் கொடுப்பார். லிஃப்டில் எதிர்ப்படும் அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது. கண்கட்டு விளையாட்டுக்கு வேண்டிய காகிதம் கடையிலேயே வந்துவிடுகிறது!

உள்ளூர் ஒயின் என்று ஒன்று வந்ததே நம் வாழ்நாளில்தான். பீர் கூட்டத்துக்கும் ரம் கூட்டத்துக்கும் நடுவே 1980களில் ஷாம்ராவ் சௌகுலே புனே அருகே நாராயண்காவில் ஷாதோ இண்டாஜ் தொடங்கினார். அங்கே செய்த நுரை ஒயின் ‘ஒமர் கய்யாம்’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. ராஜீவ் சாமந்த் கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பி, நாசிக்கில் சாப்பாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒயின் திராட்சை நட்டார். அவருடைய சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வந்தது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் அறுவடை இங்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கிறது. மழைக்காலத்தில் கொடியைக் காய்க்கவிடுவதில்லை. 2001இல் மகாராஷ்டிர அரசே திராட்சைக் கொள்கை வகுத்து வரிச் சலுகை கொடுத்தது. ஒரே சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தடுப்பதும் மறுபக்கம் தட்டிக் கொடுப்பதும் இந்த அரசுக்குக் கைவந்த கலை.

தமிழருக்கு இந்த விளையாட்டில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, ஒயின் உலகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பெயர் மறைத்த வரிசையில் புதியவர்கள்கூடச் சட்டென்று பிடித்துவிடக்கூடியது மஸ்கட் குடும்பம்தான், அதில் பழத்தின் மணம் அப்படியே தங்கிவிடும். தேனிப் பேருந்து நிலையத்தில் கூடைத் திராட்சை வாங்கித் தின்ற மூக்குக்கு அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே வேண்டாம்.

2022 ஜனவரி 27 அன்று மகாராஷ்டிர அமைச்சரவை, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அலமாரி வைத்து ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. திராட்சை விவசாயிக்கு லாபம் என்றது அரசு. எதிர்க்கட்சியாக இருந்த பாஜக சாடியது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார், பிறகு தள்ளி வைத்தார். அரசு மக்களிடம் கருத்துக் கேட்பதாகச் சொன்னது. ஜூனில் அந்த அரசே கவிழ்ந்தது. செம்பூரில் புட்டி வாங்கப் போகிறவர் பழைய கடைக்குத்தான் போகிறார். பர்மிட் இருக்கிறதா என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை.