மேசைக்கணினி, மடிக்கணினி ஒப்பீடு

மேசைக்கணினி, மடிக்கணினி ஆகிய இரண்டும் தனியாள் பயன்பாட்டுக்கான கணினிகளின் இரு முதன்மை வடிவங்கள் ஆகும். மேசைக்கணினி ஒரே இடத்தில் நிலையாக வைத்து, மின்னிணைப்புடன் பயன்படுத்துவதற்கு உரியது. மடிக்கணினி திரை, விசைப்பலகை, தொடுபலகை, மின்கலம் ஆகியவற்றை ஒரே உடலில் கொண்டது, எடுத்துச் செல்லக்கூடியது. குறைந்த பணத்தில் ஒரேயொரு கணினியை வாங்க விரும்பும் மாணவர், குடும்பத்தினர், சிறு வணிகர் ஆகியோர் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியுள்ளது. கடையில் குறிக்கப்படும் விலை மட்டும் இத்தெரிவுக்குப் போதுமானதன்று. கணினி எங்கே பயன்படும், எத்தனை ஆண்டுகள் உழைக்கும், பழுதானால் எப்பகுதியை மாற்ற வேண்டியிருக்கும் என்பவையே அதன் உண்மையான செலவை முடிவு செய்கின்றன.

வரலாறு

இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான விலைப் போட்டி 1981 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது எனலாம். அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான ஆசுபோர்ன் 1 எடுத்துச் செல்லக்கூடிய கணினியாக 1,795 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையும் 5 அங்குலத் திரையும் கொண்டிருந்த அது, மின்னிணைப்பு உள்ள இடத்திலேயே பயன்பட்டது. அதே ஆண்டு ஆகத்து 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் அடிப்படை வடிவத்தின் விலை 1,565 டாலர். ஆனால் அவ்விலையில் திரையும் வட்டு இயக்கியும் அடங்கவில்லை. விலைப்பட்டியலில் எது அடங்குகிறது என்று பார்க்க வேண்டிய தேவை அன்றே இருந்தது.

நெடுங்காலம் மடிக்கணினி மேசைக்கணினியைவிட மிகவும் விலை கூடியதாகவே இருந்தது. 2007 ஆம் ஆண்டில் ஆசுசு நிறுவனம் 7 அங்குலத் திரையுடன் வெளியிட்ட ஈ பிசி, குறைந்த விலைச் சிறு மடிக்கணினிகளுக்கு வழிவகுத்தது. 2008 ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், உலக அளவில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட மடிக்கணினிகளின் எண்ணிக்கை முதன்முறையாக மேசைக்கணினிகளை விஞ்சியது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த பலரது வீட்டுக்கு முதல் கணினியே மடிக்கணினியாக வந்து சேர்ந்தது.

விலையில் அடங்குபவை

மடிக்கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தலாம். திரை, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, படக்கருவி, கம்பியில்லா இணைய வசதி ஆகியவை அதனுள்ளேயே உள்ளன. மேசைக்கணினியின் விலையைக் கேட்கும்போது பின்வருவன சேர்ந்துள்ளனவா எனக் கவனித்தல் வேண்டும்.

* திரை
* விசைப்பலகையும் சுட்டியும்
* யூ.பி.எஸ். எனப்படும் தடையிலா மின்வழங்கி
* கம்பியில்லா இணைய ஏற்பி (பல தாய்ப்பலகைகளில் இது இருப்பதில்லை)
* இணைய வகுப்புகளுக்கான படக்கருவி, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி
* மேசை, நாற்காலி

இவற்றையெல்லாம் கூட்டிய பின்னரே இரு விலைகளையும் ஒப்பிட இயலும். எனினும் இவற்றுட் பல நீண்டகாலம் உழைப்பவை. திரை, விசைப்பலகை, படக்கருவி ஆகியவற்றை அடுத்த கணினிக்கும் பயன்படுத்தலாம். ஏற்கனவே திரை வைத்திருப்பவருக்கு மேசைக்கணினியின் செலவு கணிசமாகக் குறைகிறது.

மேசைக்கணினியின் பகுதிகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திக் கொள்ளவும் முடியும். சென்னை ரிச்சி தெரு, கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள யுனிட்டி பிளாசா போன்ற இடங்கள் இவ்வகை விற்பனைக்குப் பெயர் பெற்றவை. இம்முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் தயாரிப்பாளர் தனி உறுதியளிப்பு வழங்குவதால், பகுதிவாரியாகப் பற்றுச்சீட்டைப் பெற்று வைத்தல் இன்றியமையாதது.

செயற்றிறன்

செயலியின் பெயர் ஒன்றாக இருப்பதனால் வேகமும் ஒன்றாகிவிடாது. மேசைக்கணினிக்கான நடுத்தரச் செயலி ஒன்று பொதுவாக 65 வாட் அளவில் இயங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. மெல்லிய மடிக்கணினியின் செயலியோ 15 வாட் அளவிலேயே இயங்குமாறு அமைகிறது. இன்டெல் செயலிகள் பலவற்றில் எண்ணின் இறுதியில் வரும் 'யு' என்னும் எழுத்து குறைந்த மின்திறன் கொண்ட வகையைக் குறிக்கும். மேலும், மடிக்கணினியில் காற்றோட்டத்துக்கு இடம் குறைவு. நெடுநேரம் கடும் வேலை செய்யும்போது வெப்பம் ஏறுவதால், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு, கணினி விளையாட்டு ஆகியவற்றில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். தட்டச்சு, இணைய உலாவல், கணக்குப் பதிவு ஆகியவற்றில் பெரிதாகத் தெரியாது.

பணம் குறைவாக உள்ளபோது, உயர்ந்த செயலியைவிடப் போதிய ரேம் நினைவகமும் திண்மநிலைச் சேமிப்பகமுமே அன்றாட வேகத்துக்கு மிகவும் உதவுகின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி இல்லாததால், அது வன்தட்டைவிடப் பன்மடங்கு விரைவாகத் தரவைத் தருகிறது. 4 கிகாபைட்டு நினைவகம் இன்றைய உலாவிகளுக்குப் போதுவதில்லை. 8 கிகாபைட்டு குறைந்த அளவாகவும், 16 கிகாபைட்டு நெடுங்காலத்துக்கு ஏற்றதாகவும் கொள்ளலாம்.

மின்சாரம்

அலுவலகப் பணிக்கான மேசைக்கணினி திரையுடன் சேர்ந்து ஏறத்தாழ 100 வாட்டும், மடிக்கணினி 30 வாட்டும் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நாள்தோறும் 6 மணி நேரம் பயன்படுத்தினால், 30 நாட்களில் மேசைக்கணினிக்கு 18 யூனிட்டும் மடிக்கணினிக்கு 5.4 யூனிட்டும் செலவாகும். ஆண்டுக்கு வேறுபாடு ஏறத்தாழ 150 யூனிட் ஆகும். பயன்பாடு கூடக்கூடக் கட்டண விகிதமும் உயரும் முறை நடைமுறையில் உள்ள இடங்களில், இக்கூடுதல் அலகுகள் உயர்ந்த விகிதத்திலேயே கணக்கிடப்படக்கூடும்.

மின்வெட்டு மற்றொரு காரணியாகும். சிறிய தடையிலா மின்வழங்கியின் ஈய அமில மின்கலம் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுடையது. அது மேசைக்கணினியைப் பொதுவாக 10 முதல் 20 நிமிடம் வரை தாங்கும். வேலையைச் சேமித்துக் கணினியை அணைக்க இது போதும், தொடர்ந்து படிக்கப் போதாது. அம்மின்கலத்தையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மடிக்கணினியின் மின்கலம் சில மணி நேரம் தாங்குவதால், மின்வெட்டு மிகுந்த ஊர்களில் மடிக்கணினிக்கே முன்னுரிமை தரலாம்.

பழுதும் மேம்பாடும்

மேசைக்கணினியின் பகுதிகள் பொதுத் தரத்தைப் பின்பற்றுபவை. மின்வழங்கி பழுதானால் வேறொரு நிறுவனத்தின் மின்வழங்கியைப் பொருத்தலாம். விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் விசைப்பலகையை மட்டும் மாற்றினால் போதும். மடிக்கணினியில் அதே தேநீர் தாய்ப்பலகை வரை இறங்கக்கூடும். திரை, கீல், மின்னேற்றித் துளை ஆகியவை மடிக்கணினியில் அடிக்கடி பழுதுறுபவை. அவற்றுக்கான பகுதிகள் அந்தந்த வடிவத்துக்கு மட்டுமே பொருந்துவன. நிறுவனங்கள் சில பெரும் நிறுவனப் பெட்டிகளிலும் தனித்தன்மையான மின்வழங்கியைப் பயன்படுத்துவதால், மேசைக்கணினியிலும் இதைக் கேட்டறிதல் நன்று.

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. அதனைப் பின்னர் கூட்ட இயலாது. எனவே வாங்கும் முன் காலியான நினைவகத் துளை உள்ளதா, சேமிப்பகத்தை மாற்ற முடியுமா என வினவுதல் வேண்டும். மடிக்கணினியின் லித்தியம்-அயனி மின்கலம் பொதுவாக 300 முதல் 500 முழு மின்னேற்றச் சுற்றுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. எப்போதும் முழு மின்னேற்றத்திலும் வெப்பத்திலும் வைத்திருப்பது இத்தேய்மானத்தை விரைவுபடுத்தும். மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளில் உள்ளது.

செலவைக் கணக்கிடும் முறை

வாங்கும் விலை, துணைக்கருவிகள், இடைக்காலப் பழுது, மின்கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, பயன்படும் ஆண்டுகளால் வகுத்தால் ஓராண்டுச் செலவு கிடைக்கும். பின்வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக மட்டுமே தரப்படுகின்றன.

* 40,000 ரூபாய் மடிக்கணினி 4 ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுக்கு 10,000 ரூபாய்.
* துணைக்கருவிகளுடன் 40,000 ரூபாயாகும் மேசைக்கணினிக்கு இடையில் 5,000 ரூபாய் செலவிட்டு, 6 ஆண்டுகள் பயன்படுத்தினால், ஆண்டுக்கு 7,500 ரூபாய். கூடுதல் 150 யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 900 ரூபாய் சேர்த்தால் 8,400 ரூபாய்.
* அதே மடிக்கணினிக்கு 4,000 ரூபாயில் மின்கலம் மாற்றி 6 ஆண்டுகள் பயன்படுத்தினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 7,330 ரூபாய்.

எது மலிவானது என்பதை வடிவத்தைவிட ஆயுட்காலமே முடிவு செய்கிறது என்பது இதனால் விளங்கும். மேசைக்கணினியின் நன்மை, அதன் ஆயுளைப் பகுதி பகுதியாக நீட்டிக்க முடிவதே ஆகும். மடிக்கணினியில் ஒரு பெரும் பழுது முழுக் கருவியையும் இழக்கச் செய்யலாம். ஆகவே, திறந்து பழுதுபார்க்கக்கூடிய, பகுதிகள் உள்ளூரில் கிடைக்கக்கூடிய மடிக்கணினியைத் தெரிவு செய்வது, சற்று விலை கூடினாலும் சிக்கனமானது.

பயன்படுத்திய கணினிகள்

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தி விற்கும் கணினிகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இவை பெரும்பாலும் உறுதியான கட்டமைப்பு உடையவை. விண்டோசு 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால், விண்டோசு 11 இயங்குமா என்பதை முதலில் அறிய வேண்டும். இன்டெல் கோர் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்ட செயலி அதற்குத் தேவை. அதற்கு முந்தைய கணினிகளில் உபுண்டு, லினக்சு மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நிறுவிக் கொள்ளலாம். பயன்படுத்திய மடிக்கணினியாயின், மின்கல அறிக்கையில் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

உடல்நலம்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்திருப்பதால், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை உயரும். கையைத் தாழ்த்தினால் கழுத்து குனியும். நாள்தோறும் பல மணி நேரம் உழைப்பவர்கள் மடிக்கணினியைச் சில புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையையும் சுட்டியையும் இணைத்துக் கொள்வது நலம்.

தெரிவு

* விடுதியில் தங்கிப் படிப்பவர், ஊர் மாறிப் பணி செய்பவர், மின்வெட்டு மிகுந்த பகுதியில் வாழ்பவர், மேசைக்கு இடமில்லாத வீட்டினர் ஆகியோருக்கு மடிக்கணினி ஏற்றது.
* ஒரே வீட்டில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்கும், கடை, தட்டச்சகம், வடிவமைப்பு வேலை ஆகியவற்றுக்கும் மேசைக்கணினி ஏற்றது.
* எடுத்துச் செல்லும் தேவை ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே எழுமாயின், அச்சில நாட்களுக்காக மடிக்கணினி வாங்குவது தேவையா என ஆராய்தல் வேண்டும்.
* இரு தேவைகளும் இருப்பின், பழுதுபார்க்கக்கூடிய மடிக்கணினி ஒன்றை வாங்கி, பணம் சேர்ந்த பின் தனித்திரையை இணைத்து வீட்டில் மேசைக்கணினி போலப் பயன்படுத்தலாம்.